துரை காட்டிய ஒழுங்கை

“நான் போகப்போறன் சரோ.”

“எங்கை?”

“கொட்டாஞ்சேனைக்கு. முத்துவோடை.”

கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கையின் கையிலிருந்த முனை நழுவி விழுந்தது. அக்கா அதை எடுத்து, மண்ணை உதறி, மறுபடி அவள் கையில் வைத்தாள். மடிப்பதை நிறுத்தினால் அம்மா குசினி ஜன்னலால் எட்டிப் பார்ப்பாள்.

“விலாசம்?”

“துறைமுகத்து ஆக்கள் இருக்கிற தோட்டத்து வரிசை வீடு. நம்பர் ஒண்டும் இல்லை. நங்கூரச் சந்தியிலை தூணுக்கு மேலை ஒரு வெள்ளைக்காரத் துரை நிக்கிறார். அவர் கை காட்டுற ஒழுங்கையிலை கடைசி வீடு. நீ எப்ப வந்தாலும் நான் அங்கைதான் இருப்பன்.”

தங்கை வேறொன்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் வேட்டி நாலாக மடிந்துவிட்டது. அக்காவின் விரல்கள் அவளுடைய விரல்களைத் தொட்டு, துணியை வாங்கிக்கொண்டு விலகின.

நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்ட அந்தப் பேச்சை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்துவிட்டு, சரோஜினிதேவி டீச்சர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“பொய் விலாசம் பிள்ளை. என்ரை கூடப்பிறந்தவள் எனக்குத் தந்தது பொய் விலாசம்” என்றார்.

மேனுகாவின் துப்பறியும் அலுவலகம் வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்ணைப் பெற்றவர்கள். கனடா மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா, லண்டன் மாப்பிள்ளை சொல்லும் வேலை உண்மையா என்று விசாரித்துச் சொல்வதில் அவள் பெயர் வாங்கியிருந்தாள். காணாமல் போன அக்காவைத் தேடித் தரும்படி ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை.

கதை சிக்கலானதல்ல. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய இந்திய வம்சாவளி இளைஞன் சுடலைமுத்துவோடு ஜெயராணி போய்விட்டாள். அப்பா அவள் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்றார். பிறகு எண்பத்து மூன்றுக் கலவரம் வந்தது. வெள்ளவத்தை வீடு எரிந்து, குடும்பம் கப்பலேறி யாழ்ப்பாணம் போனது. இரண்டு வருடம் கழித்து ஒரு நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பு வந்த சரோஜினிதேவி, தனியாக நங்கூரச் சந்திக்குப் போனார். துரை கை காட்டிய ஒழுங்கையின் கடைசி வீட்டைத் தட்டினார். அப்படி ஒருத்தி இங்கே இருந்ததே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். வீடு வீடாகத் தமிழ்ப் பெயர் சொல்லி விசாரிக்கக்கூடிய காலமல்ல அது. அவர் திரும்பிவிட்டார்.

இப்போது கணவரும் இல்லை. மகன் கிஷாந்த் கனடாவுக்கு வரச் சொல்லி டிக்கெட் அனுப்பிவிட்டான். வெள்ளவத்தை பிளாட்டை விற்றாயிற்று. சனிக்கிழமை விமானம், இன்று வியாழன். போனால் திரும்பி வருவதற்கில்லை.

“அவள் உயிரோடை இருக்கிறாளோ எண்டு மட்டும் தெரிய வேணும். இருந்தால் அவளிட்டை ஒரு விஷயம் சொல்ல வேணும்” என்றார் டீச்சர். என்ன விஷயம் என்று மேனுகா கேட்டதற்கு, அது அக்காவுக்கும் தங்கைக்கும் உள்ளது என்று பதில் வந்தது.

அந்தக் குரலில் இருந்த சூட்டை மேனுகா கவனித்தாள். அது சண்டைக்குப் போகிறவரின் சூடு என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

*

ஓட்டோ ஜவாத்துடையது. மேனுகாவின் உதவியாளரும் அவன்தான். வாடகை ஓடிய நேரம் போக மற்ற நேரம் துப்பறிகிறேன் என்பான். உண்மை அதற்கு நேர் எதிர்.

டீச்சர் ஒரு பெரிய பயணப் பையோடு ஏறினார். அதைப் பின்னால் வைக்க அவன் கை நீட்டியபோது விடவில்லை. மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். பையின் சிப் முழுதாக மூடவில்லை. பூப்போட்ட துணியொன்றின் ஓரம் வெளியே எட்டிப் பார்த்தது.

“டீச்சர், பேக்குக்குள்ள யாரும் ஆள் ஈக்கிதா? ஈந்தா மூச்சு விடக் கொஞ்சம் தொறந்து வையுங்க” என்றான் ஜவாத்.

“அக்காவுக்குக் கொண்டுபோற சாமான். நீர் றோட்டைப் பாரும்.”

கொள்ளுப்பிட்டி நெரிசலில் நின்றபோது மேனுகா அந்தத் தூணின் வரலாற்றைச் சொன்னாள். டீச்சர் தொலைபேசியில் சந்தியின் பெயரைச் சொன்ன முதல்நாளே பொது நூலகத்தில் ஒரு பகலைச் செலவழித்து அறிந்துகொண்டது. பழைய காலத்தில் வங்காள விரிகுடாவில் ஆங்கிலக் கடற்படைக்கும் பிரெஞ்சுக் கப்பல்களுக்கும் ஒரு சண்டை நடந்ததாம். பிரெஞ்சுக்காரர்கள் ஓடிப் போக, கறுவாவும் துணியும் ஏற்றி வந்த வியாபாரக் கப்பல்கள் தப்பிவிட்டன. நஷ்டமில்லாமல் பிழைத்த கொழும்புக் கோட்டை வியாபாரிகள் கூடி, வென்ற கப்பற் தலைவனுக்குத் தூண் எழுப்பினார்கள். சந்தி மேட்டில் இருந்ததால் துறைமுகத்துக்குள் வரும் ஒவ்வொரு கப்பலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. சுதந்திரத்துக்குப் பிறகு யாரோ பித்தளைப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது துரையின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

“எங்கட வாப்பாவுக்குத் தெரியும்” என்றான் ஜவாத். அவனுடைய தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே வேலை செய்த தமிழ் ஆட்களுக்கு அவர் துரைச்சாமியாம். கப்பலில் ஏறுமுன் தேங்காய் உடைத்து, சுருட்டுப் பற்ற வைத்து, கால் போத்தல் சாராயமும் படைப்பார்களாம். “வெள்ளக்காரன் செத்தும் வசதியாத்தான் ஈக்கிறான். நாங்க உசிரோட ஈந்து பெட்ரோலுக்கு வரிசையில நிண்டம்.”

டீச்சர் சிரிக்கவில்லை. பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

*

நங்கூரச் சந்தி சின்னச் சதுரம். ஒரு பக்கம் ஹார்ட்வெயார் கடைகள், ஒரு பக்கம் தேநீர்க் கடை, நடுவில் தூண். சீமையிலிருந்து கொண்டுவந்த மணற்கல்லில் செதுக்கிய துரை, வலது கையை நேரே நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய காலடியில் எண்ணெய்க் கறை படிந்த விளக்கு மாடமும், பாதி எரிந்த சுருட்டும் இருந்தன. எதிர்ப் பக்கத்தில், துரையின் முதுகுக்குப் பின்னால், துறைமுகம் நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையின் வாயில் கரிபிடித்த மதில். அதில் வெள்ளைச் சுண்ணாம்பால் சுட்டுவிரல் நீட்டிய ஒரு கை வரையப்பட்டிருந்தது.

“பப்ளிக் டொய்லெட்டுக்கு வழி போல. மிஸ், தேவைண்டா செல்லுங்க” என்றான் ஜவாத்.

துரை காட்டிய ஒழுங்கை கிழக்கே போனது. டீச்சர் முன்னால் நடந்தார். வழி தெரிந்தவரின் நடை. கடைசி வீட்டுக்கு முன்னால் வந்ததும் நின்று, மேனுகாவைத் தட்டச் சொன்னார்.

கதவைத் திறந்த இளம் பெண்ணின் பெயர் சாமினி. இடுப்பில் குழந்தையோடு, அடுப்பில் ஏதோ கருகுகிற அவசரத்தோடு வந்தாள். ஜெயராணி என்ற பெயரைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அன்டி, துரை காட்டுற வீடெண்டுதானே வந்தீங்க? எல்லாரும் அப்பிடித்தான் வந்து தட்டுறாங்க. நான் கல்யாணம் முடிச்சு வந்ததிலயிருந்து எத்தனை பேர். மாமியும் சொல்லுவா, அவட காலத்திலயும் வந்தாங்களாம்.”

யார் யார் வந்தார்கள் என்று மேனுகா கேட்டாள். பழைய துறைமுகத்து ஆட்கள், கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், போன வருடம் தூத்துக்குடியிலிருந்து ஒரு தாத்தா என்று சாமினி அடுக்கினாள். எல்லாரும் தலை நரைத்தவர்கள். எல்லாரும் முத்து அண்ணனைக் கேட்டு வந்தவர்கள். இவளுக்கு அவரைத் தெரியாது. அடுப்பை நினைத்து அவள் உள்ளே ஓடினாள்.

டீச்சர் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

“பாத்தீரே பிள்ளை? அண்டைக்கும் இதே கதவுதான். நான்தான் விசரி. ஒரே பஸ்ஸிலை வாற தூரத்திலை இருந்துகொண்டு இவ்வளவு காலமும் வராமல் இருந்தது சரிதான்.”

மேனுகா அவர் பின்னாலே நடந்தாள். சந்திக்கு வந்ததும் தூணடியில் நின்று துரையை அண்ணாந்து பார்த்தாள்.

“ஜவாத், வாலிபர் ஒருத்தராவது வழி பிழைச்சு அந்த வீட்டை வந்ததாச் சாமினி சொன்னவவோ?”

“இல்ல. எல்லாம் கிழடுகள்.”

“ஏன்?”

“வயசானா எல்லாம் பிழைக்கும். எங்கட உம்மா என்னய என்ட மூத்த நானாட பேரச் செல்லித்தான் ஏசுற.”

“ஒரே பிழையை எல்லாரும் விடமாட்டினம். தூத்துக்குடியிலையிருந்து வந்தவரும் சரோ அன்ரியும் ஒரே பிழை விட்டிருக்கினம் எண்டால், பிழை அவையிலை இல்லை.” அவள் துரையின் முகத்தைக் காட்டினாள். “அந்த மூக்கைப் பார்.”

மூக்கே இல்லை. கன்னம் அரித்து, உதடு தேய்ந்து, மார்பிலிருந்த பொத்தான்கள் வழுவழுவென்று மறைந்துபோயிருந்தன. மேனுகா அவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். முதுகுப் பக்கம் அங்கியின் மடிப்பு, தையல், கழுத்துப் பட்டி எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தன.

“கொழும்பிலை உப்புக் காத்து எந்தப் பக்கத்தாலை வரும்?”

“கடல் பக்கத்தால. வேற எங்கால.” ஜவாத் துறைமுகத்தைப் பார்த்தான். பிறகு துரையின் முதுகைப் பார்த்தான். “மிஸ், கடலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு நிக்கிறவன்ட மொகம் எப்பிடி உப்பில அரிச்ச?”

மேனுகா தூணின் அடிப்பீடத்தில் கை வைத்தாள். பித்தளைப் பலகையைக் கழற்றிய நாலு துளைகள் துரையின் முதுகுக்குக் கீழே இருந்தன. தன் வெற்றியை எழுதிய பலகையை முதுகுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும் துரை உலகத்தில் இல்லை. கப்பலில் வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று காசு கொடுத்து நிறுத்திய முகம் இப்போது ஹார்ட்வெயார் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பீடம் அப்பிடியே நிக்குது. மேலை நிக்கிறவரைத்தான் எப்பவோ இறக்கித் திருப்பி ஏத்தியிருக்கினம். ஆனா ஏன் மற்றப் பக்கம் திருப்பினவை எண்டுதான் விளங்கேல்லை.”

“இதில விளங்க என்ன ஈக்கி? சாமியாக்கின பொறகு சாமி கெழக்கதானே பாக்கணும்? எங்கட தெருவில கோயில் கட்டக்குள்ளயும் அதுக்குத்தான் சண்ட புடிச்சாங்க. அதோட சாமி கடலப் பாத்துக்கொண்டு நிண்டா ஊர யாரு பாக்கிற?”

பகிடியாகத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும் அவனே திரும்பித் துரையைப் பார்த்தான். துரையின் முகத்துக்கு நேரே, கிழக்குப் பக்கத்தில், அந்த விளக்கு மாடம் புகைந்துகொண்டிருந்தது.

டீச்சர் தேநீர்க் கடை வாசலில் பையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அவள் பொய் சொல்லேல்லை” என்றார்.

“இல்லை அன்ரி. அவ சொல்லேக்கை துரை கடலைப் பாத்துக்கொண்டு நிண்டவர்.”

மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். எதிரே, கடல் பக்கத்து ஒழுங்கையின் மதிலில், சுண்ணாம்புக் கை சுட்டுவிரலை நீட்டிக்கொண்டிருந்தது. மேனுகா அருகே போய் விரலால் தொட்டாள். விரல் நுனி வெள்ளையானது. பழைய பூச்சுகள் அடுக்கடுக்காகத் தடித்து, அந்தக் கை மதிலிலிருந்து புடைத்து நின்றது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல் வருடாவருடம் பூசிப் பூசி ஏறிய தடிப்பு. மேல் பூச்சு இன்னும் காயவில்லை.

*

டீச்சர் இந்த முறை முன்னால் நடக்கவில்லை. மேனுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒழுங்கையின் இரு பக்கத்திலும் வீடுகள் இடித்த வெற்றிடங்கள். தோட்டத்து ஆட்களில் முக்கால்வாசிப் பேரைத் தெமட்டகொடைப் பக்கம் தொடர்மாடிகளுக்கு அனுப்பிவிட்டதாக ஜவாத் சொன்னான். அதைச் சொல்லியிருக்க வேண்டாமென்று பிறகு அவனுக்கே தோன்றியது.

கடைசியில் துறைமுக மதில். அதில் சாய்ந்ததுபோல் ஒரே ஒரு தகர வீடு மிச்சமிருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது.

டீச்சர் பையை நிலத்தில் வைத்து, அதன்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பை மெத்தென்று அமிழ்ந்தது. சனிக்கிழமை என்று ஒரு தரம் சொன்னார்.

மேனுகா அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். இன்னும் ஒரு நாள் இருக்கிறது, அயலில் விசாரிக்கலாம் என்றாள். பிறகு, மனதை உறுத்திய புத்திமதியையும் சொன்னாள். ஆள் கிடைத்தால் வாசலில் வைத்துக் கோபப்பட வேண்டாம், அக்காமேல் பிழையில்லை என்று தெரிந்துவிட்டதுதானே என்றாள். டீச்சர் அவளை விளங்காதவர்போல் பார்த்தார்.

வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு வாளி இருந்தது. அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு. விளிம்பில் வெள்ளையடிக்கும் தும்புத்தடி ஒன்று சாய்ந்திருக்க, அதன் நுனியிலிருந்து ஒரு வெள்ளைத் துளி மெதுவாகத் திரண்டு விழுந்தது.

“மிஸ்” என்றான் ஜவாத் தணிந்த குரலில்.

ஒழுங்கையில், குழாயடியிலிருந்து, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். முழுதாக வெளுத்த தலை. விரல்களில் சுண்ணாம்பு. வாசலில் ஆட்களைக் கண்டு நடையைக் குறைத்தாள். பைமேல் இருந்தவரைக் கண்டதும் நின்றாள். குடத்தை இறக்கி வைக்கவும் மறந்தாள்.

“வாறதுக்கு இவ்வளவு நேரமே சரோ?”

கடைக்குப் போய்ப் பிந்தி வந்தவளைக் கேட்பதுபோல் இருந்தது அது.

பிறகு அவள் சொன்னவை ஒழுங்காக வரவில்லை. குடத்தை யார் வாங்கினார்கள், பூட்டை யார் திறந்தார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை. அவள் வீட்டை விட்டுப் போன அடுத்த வருடம் ஒரு லொறி மோதித் தூண் ஆடிவிட்டதாம். துரையை இறக்கி ஏற்றத் துறைமுகத்துப் பாரந்தூக்கியைக் கொண்டுவந்தார்கள். ஓட்டியவன் சுடலைமுத்துவேதான். கூடிய ஆட்கள் எல்லாரும் சாமியைக் கிழக்கே திருப்பி வை என்றார்கள். அவனும் கும்பிட்டுத் திருப்பி வைத்துவிட்டு, பெரிய புண்ணியம் செய்தவன்போல் வீட்டுக்கு வந்து சொன்னான். ஜெயராணி அன்று சோறு சமைக்கவில்லை. என் தங்கைக்கு நான் சொன்ன விலாசத்தை நீ அழித்துவிட்டாய் என்று அழுதாள். வைத்த சாமியை மறுபடி திருப்ப ஊர் விடாது. அவன் இரவோடிரவாக யோசித்து, விடியற்காலையில் வாளியும் தும்புத்தடியுமாகப் போய், மதிலில் ஒரு கையை எழுதிவிட்டு வந்தான்.

எண்பத்து மூன்றுக்குப் பிறகு அவள் வெள்ளவத்தைக்குப் போய்ப் பார்த்தாள். எரிந்த சுவர்கள்தான் இருந்தன. அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தங்கை உயிரோடு இருந்தால் தேடி வரும் இடம் இது ஒன்றுதான் என்று இங்கேயே இருந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. முத்து இறந்து இரண்டு பொங்கலாகிறது. தொடர்மாடிக்குப் போகச் சொல்லி வந்தவர்களிடம், கை எழுதிய மதிலையும் சேர்த்துக் கொண்டுபோய் வைத்தால் வருகிறேன் என்றாளாம்.

“அவர்தான் வருஷா வருஷம் பூசிறவர். இப்ப நான்” என்றாள். “நீ அதைப் பாக்கேல்லையோ?”

“நான் துரையைத்தான் பாத்தனான் அக்கா. பின்னாலை திரும்பிப் பாக்கேல்லை.”

இனிச் சண்டைக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று மேனுகா நிம்மதியாக மூச்சு விட்டாள். சாமான்களைக் கொடுத்துவிட்டு, விடைபெற்று, மாலைக்குள் டீச்சரை வெள்ளவத்தையில் இறக்கிவிடலாம். பையை உள்ளே எடுத்து வைக்கலாமென்று தூக்கினாள். உட்கார்ந்த பாரத்தில் சிப் இன்னும் அகலத் திறந்திருந்தது. பூப்போட்ட துணியின் முழு வடிவமும் இப்போது தெரிந்தது.

அது தலையணை. உறை வெளிறி, நடுவில் ஒரு தலையின் பள்ளம் பதிந்த பழைய தலையணை. அதன் கீழே வீட்டில் கட்டும் நூல் சேலைகள், பல் துலக்கும் பிரஷ், ஒரு மாதத்துக்குரிய மருந்து. யாரும் தன் தலையணையை இன்னொருவருக்குப் பரிசாகக் கொண்டுபோவதில்லை. கனடாவுக்குப் போகிறவர் இரண்டு நாள் முன்னதாக அதைக் கொட்டாஞ்சேனைக்குத் தூக்கி வருவதுமில்லை.

மேனுகா பையை மெல்லக் கீழே வைத்தாள். மாப்பிள்ளைமாரின் பொய்யைக் கண்டுபிடித்துப் பழகிய தன் கண்ணை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து கோபம் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தது, பயம்.

ஜவாத்தும் பையைப் பார்த்துவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அன்று முதல் தடவையாகச் சொல்லாமல் விட்டு, வாசலுக்கு வெளியே போய் நின்றான்.

அக்கா கொடியில் கிடந்த துவாயை எடுத்துத் தங்கையின் முகத்தைத் துடைக்கப் போனாள். தங்கை அதன் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

“அண்டைக்கு வேட்டி மடிக்கேக்கை நான் ஒண்டு சொல்ல வந்தனான். சொல்ல முதல் நீ மடிச்சுப் போட்டாய்.”

“தெரியும்” என்றாள் ஜெயராணி. “நீ வாயைத் திறந்தது கண்டனான். எனக்குப் பயமா இருந்தது. அதுதான் கெதியா மடிச்சனான். இப்ப சொல்லு.”

சரோஜினிதேவி டீச்சரின் அறுபது வயதைத் தாண்டிய அந்தக் குரல், வெள்ளவத்தைக் கொல்லைப்புறத்தில் நின்ற பதினாறு வயதுக்காரியின் குரலாக வெளியே வந்தது.

“என்னையும் உன்னோடை கூட்டிக்கொண்டு போ அக்கா.”